நான்காம் நாள் ரோஜா

ஆகஸ்ட் 18, 2025

மூன்று பார்சல்கள். இரண்டு பெரிய கம்பெனிகளுடையவை. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பட்டுத்துணி, அதற்குள் கட்டைவிரல் அளவு புட்டி. மூன்றாவது, பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டியில் பஞ்சு சுற்றி வந்திருந்தது. டானிக் பாட்டில் மாதிரி ஒரு பழுப்புப் புட்டி. ஒட்டியிருந்த தாளில் கையெழுத்து: "ரோஜா. வீட்டில் வடித்தது." அனுப்பியவர் பெயர் இல்லை. பாகலூர், ஓசூர் வழி என்று மட்டும் இருந்தது.

அதைக் கடைசியாகத் திறக்கலாம் என்று தள்ளி வைத்தேன். காரணம் ஒன்றும் இல்லை.

மாலையில் என் கணவன் தனாவின் சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்தேன். கோவையில் இந்த வருடம் மழை சரியாக இல்லை. துணி காய்வதில் மட்டும் குறை இல்லை.

ஆகஸ்ட் 20

ரோஜாவைப் பற்றி எழுதி, என் சென்ட் விமர்சனப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன்.

"மூக்கும் நாக்கும்" பக்கத்துக்கு நாற்பதாயிரம் பேர் வருவது என் மூக்குக்காக இல்லை, நாக்குக்காக. வாசனைக்கென்று நம்மிடம் தனிச்சொல் எத்தனை இருக்கிறது? எதையாவது காட்டி, அது மாதிரி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எதைக் காட்டுவது என்பதில்தான் என் திறமை. ஒரு சந்தன சென்ட்டை "பென்ஷன் வாங்க வரிசையில் நிற்கும் தாத்தாவின் அக்குள்" என்றேன். ஒரு பவுடர் வாசனையை "வேலைக்காரம்மா வந்துவிட்டுப் போன சமையலறை" என்றேன். சிரித்தார்கள். பகிர்ந்தார்கள்.

இன்று எழுதியது: "இது தோட்டத்து ரோஜா இல்லை. நாலு நாள் பூட்டிக் கிடந்த வீட்டில், பிண நாற்றம் வெளியே வராமல் இருக்க யாரோ கதவடியில் ஊற்றிய பன்னீர்."

கை தானாக எழுதியது. திரும்பப் படித்தேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

ஆகஸ்ட் 21

ஆறாயிரம் லைக். இதுவரை எதற்கும் இத்தனை வந்ததில்லை.

ஆகஸ்ட் 23

சரசக்கா ஆறு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறார். இன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"இன்னைக்குப் பவுடர் போடாமத்தானுங்க வந்திருக்கறேன்."

"ஏன்க்கா?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமாமே. எம்புள்ள போன்ல படிச்சுக் காட்டுனா."

"அய்யோ, அது உங்களை இல்லக்கா. பொதுவா எழுதுனது."

"நானில்லீங்களா?" தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "அப்ப இங்க வேற யாருங்க வேலைக்கு வர்றாங்க?"

ஈரத் தட்டு ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். நாக்கு, நாக்கு என்று பீற்றிக்கொள்கிறேனே, அந்த நாக்குதான்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "வூடே ரோசாப்பூவா மணக்குதுங்களே. யாராச்சும் வந்திருந்தாங்களா?"

யாரும் வரவில்லை. புட்டி அலமாரியில் மூடித்தான் இருக்கிறது. மூடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

ஆகஸ்ட் 26

ரோஜாப் பதிவின் கீழே ஒரு கேள்வி. கேட்டவர் பெயர் "நாகு" என்று இருக்கிறது. படத்தில் முகம் இல்லை, ஒரு ரோஜாச் செடி.

"கதவடியில் பன்னீர் ஊத்தினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வழக்கம்போல் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டு, "எல்லாம் கற்பனைதாங்க" என்றேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "கற்பனையா எழுதினா தெளிச்சதுன்னு எழுதுவாங்க கண்ணு. பன்னீரை யாரும் ஊத்த மாட்டாங்க."

ஆகஸ்ட் 27

தனா வேலைக்குக் கிளம்பும்போது எதேச்சையாகக் கேட்பது போலக் கேட்டான்.

"அந்த ரோசாப்பூ விசயத்த எடுத்துப்போடு."

"நீ என் பக்கமெல்லாம் படிப்பியா?"

"ஆபீஸ்ல காட்டுனாங்க. எடுத்துப்போடு செம்பா. எதுக்கு வம்பு?"

"என்ன வம்பு? அது ஒரு உவமை."

அவன் ஹெல்மெட்டை எடுத்தான், மாட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "சரி, உவமை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 28

எடுக்கவில்லை.

செப்டம்பர் 2

நாகு என்பவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். முழுப்பெயர் நாகரத்தினம்மா. "நான் பிரமிளா அம்மா. உன் போட்டோ பார்த்து அடையாளம் தெரிஞ்சுது. என் பொண்ணு கூட இருந்த பொண்ணு நல்லா இருக்கேன்னு சந்தோசப்பட்டேன். நான் வடிச்சதை நீ நாலு நல்ல வார்த்தை எழுதுவேன்னுதான் அனுப்பினேன். வேற ஒண்ணும் நினைச்சு அனுப்பல."

இதை இங்கே எழுதிவைப்பது நல்லது.

2012இல் சென்னை வேளச்சேரியில் நானும் பிரமிளாவும் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆளுக்கு ஓர் அறை, நடுவில் ஒரு சின்ன ஹால். அவள் பாகலூர்ப் பெண். ரோஜாத் தோட்டத்துக்காரர் மகள். ரோஜா வாசனை என்றாலே தலைவலிக்கிறது என்பாள். அந்தப் பொங்கல் விடுமுறையில் அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. கீழ்வீட்டு ஓனர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். பதினெட்டாம் தேதி அவள் அப்பாவும் அம்மாவும் வந்து வீட்டைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் பன்னிரண்டாம் தேதியே கோவில்பட்டிக்குப் போய்விட்டேன். பத்தொன்பதாம் தேதிதான் வந்தேன். போலீஸில் இதைத்தான் சொன்னேன். அவள் அம்மாவிடமும் சொன்னேன்.

இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 5

அலமாரியில் இருந்த புட்டியை எடுத்துப்போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். கையை மூன்று தடவை கழுவினேன்.

காபிப்பொடி டப்பாவைத் திறந்தால் ரோஜா. துவைத்து மடித்த போர்வையில் ரோஜா. தனா, "எனக்கு ஒண்ணும் தெரியல" என்கிறான். முகர்ந்து பார்க்காமலே சொல்கிறான்.

செப்டம்பர் 9

இன்று போனே செய்துவிட்டார். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். பிரமிளாவின் பழைய டைரியில் இருந்ததாம். நான் நம்பரை மாற்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பயப்படாத கண்ணு. சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதிமூணு வருசமா யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல."

"சொல்லுங்கம்மா."

"நானும் அவங்கப்பாவும் அன்னைக்கு வீட்டைத் தொறந்தப்ப, அவ ரூம் வாசல்ல ஒரு பன்னீர் பாட்டில் காலியாக் கெடந்துது. கதவுக்கு அடியில நெடுகக் காஞ்ச கறை. போலீசுக்காரங்க அதைக் கண்டுக்கல. எம்பொண்ணு பன்னீரைக் கையில தொட மாட்டா. அவ ஊத்தல. அப்ப யார் ஊத்தினது?"

நான் ஊரில் இருந்தேன் என்று சொன்னேன்.

"ஆமா, அப்பவும் அப்படித்தான் சொன்னே" என்றார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீ நாலு நாள்னு எழுதியிருக்கே. அதான் கேட்டேன். நாளு உனக்குத் தெரியுமோன்னு."

செப்டம்பர் 15

பாகலூரிலிருந்து மறுபடியும் பிஸ்கட் பெட்டி. வாங்கமாட்டேன் என்று கூரியர்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மூன்று புட்டிகள். "முதல் நாள்." "இரண்டாம் நாள்." "நான்காம் நாள்."

கூடவே ஒரு கோடு போட்ட தாள்:

"செம்பா கண்ணுக்கு. பூவைப் பறித்த அன்றே வடித்தது ஒன்று. ஒரு நாள் மூட்டையில் கட்டிப்போட்டு வடித்தது ஒன்று. நாலு நாள் அழுகவிட்டு வடித்தது ஒன்று. நீ எழுதியது நாலாம் நாள். நான் கதவைத் திறந்தபோது எனக்குத் தெரிந்ததும் அதுதான். நீ கதவுக்கு வெளியே நின்றபோது எது என்று முகர்ந்து பார்த்து எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்."

மத்தியானம் சோறு வைக்கவில்லை.

செப்டம்பர் 16

சரசக்கா போனபிறகு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு முகர்ந்தேன். பழக்கத்தில் நோட்டும் பேனாவும் பக்கத்தில்.

நான்காம் நாள்: முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இது எனக்குத் தெரியாது. இதை நான் எங்கேயும் முகர்ந்ததில்லை.

இரண்டாம் நாள்: இதுவும் இல்லை.

முதல் நாள்: ஒன்றுமே இல்லை. வெறும் ரோஜா. அப்போதுதான் பறித்த, ஈரமான, உயிருள்ள

செப்டம்பர் 17

தனா சீக்கிரம் வந்துவிட்டான். வெயில் இன்னும் பால்கனியில் இருந்தது. மேசையில் புட்டிகளைப் பார்த்ததும் துணிப்பையில் அள்ளிப் போடத் தொடங்கினான். கையைப் பிடித்தேன்.

"இதையெல்லாம் வீட்டுக்குள்ள வெச்சிட்டு என்ன பண்றே நீ?"

"அவங்க கேக்குறாங்க தனா. பதில் சொல்லணும்ல?"

"என்ன சொல்லுவே?"

"நான் போனப்ப அவ தூங்கிட்டிருந்தான்னு."

அவன் பையைக் கீழே வைத்தான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தூங்கிட்டிருந்தான்னு நீ எங்கிட்டச் சொல்லுல செம்பா."

"சொன்னேன். பைக்குல ஏறும்போது சொன்னேன்."

"இல்ல. ‘கூப்புட்டா, நான் போகல’ன்னு சொன்னே. அதே வார்த்தை. நான் ‘போய்ப் பாத்துட்டு வா’ன்னு சொல்லியிருக்கோணும். சொல்லுல. வண்டிய எடுத்துட்டேன். மகாபலிபுரம் தாண்டற வரைக்கும் எனக்கு அதே ரோசனை. அப்பறம் கடல் தெரிஞ்சுது, மறந்துட்டேன்."

"பொய் சொல்ற."

"எதுக்கு நான் பொய் சொல்லோணும்? எனக்கும் சேத்துத்தானே அசிங்கம்?"

அவன் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வீடு முழுக்க முதல் நாள் ரோஜா.

செப்டம்பர் 18

எதையும் காட்டி, அது மாதிரி என்று சொல்லாமல் எழுதிப் பார்க்கிறேன்.

2012 பொங்கலுக்கு நான் கோவில்பட்டிக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனாவோடு சுற்றினேன். பிரமிளாவுக்கு அது தெரியும். "உங்கப்பாகிட்டச் சொல்லிடுவேன்" என்றாள். அதனால் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தேன்.

பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். பாண்டிச்சேரி போக இன்னும் இரண்டு செட் துணி வேண்டியிருந்தது. தனா கீழே பைக்கில் உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்ததும் வாந்தி நாற்றம். அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது. பூட்டவில்லை. உள்ளே அவள் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நான் துணியை எடுத்தேன். ஒரு நிமிடம்கூட அந்த நாற்றத்தில் நிற்க முடியவில்லை. முகத்துக்குப் போடும் பன்னீரை எடுத்து அவள் கதவடியில் ஊற்றினேன். முழுப் பாட்டிலையும். எரிச்சலில் செய்தேன். அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே செய்தேன்.

அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

நான் போகவில்லை.

பத்தொன்பதாம் தேதி வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பிணத்தின் வாசனை எனக்குத் தெரியவே தெரியாது. நானாக வைத்துக்கொண்டது அது. அன்று அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது பிணம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிணமென்றால் போகாததில் தப்பில்லை.

பதிவை எடுத்துவிட்டேன். "மூக்கும் நாக்கும்" பக்கத்தையே எடுத்துவிட்டேன். சரசக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்குதுங்க, டீ ஆறுது" என்றார்.

நாகரத்தினம்மாவுக்குப் போன் செய்தேன். நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். "ஞாயித்துக்கிழமை மகாளய அமாவாசை. அவளுக்குப் படைப்போம். அன்னைக்கு வா" என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு, ஓசூர் ஸ்டேஷன்

வண்டி தாமதம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

அதிகாலை வண்டியில் கிளம்பினேன். தனா நானும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

பாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாகரத்தினம்மா நின்றிருந்தார். குள்ளமான உருவம், ஆண்கள் போடும் ஸ்வெட்டர், கைவிரலெல்லாம் முள் கீறல். "இளைச்சுப் போயிட்டியே" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். வீடுவரை விடவில்லை.

ரோஜாச் செடிகளுக்கு நடுவில் ஓட்டு வீடு. ஹாலில் பிரமிளாவின் படம், மாலை, கீழே இலையில் படையல் வைத்து முடித்திருந்தார்கள். இருபத்து நாலு வயது முகம். எனக்கு இப்போது முப்பத்தெட்டு. உள் அறையில் கட்டிலில் அவள் அப்பா திம்மராயப்பா படுத்திருந்தார். "அவருக்கு நெனப்பு தப்பிப் போச்சு கண்ணு. ஆள் அடையாளம் தெரியாது. அவ செத்ததும் தெரியாது. அவருக்கு அது நல்லதுதான்" என்றார் நாகரத்தினம்மா.

எனக்குச் சாப்பாடு போட வந்தார். முதலில் சொல்லிவிடுகிறேன் என்றேன். பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மூன்று நாள் முன்பு இந்த நோட்டில் எழுதியதை அப்படியே சொன்னேன். வாந்தி, போன், பன்னீர், கீழே பைக். எதையும் குறைக்கவில்லை.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"பதினஞ்சாந் தேதியா?" என்றார்.

"ஆமாம்மா."

"நல்லா ஞாபகம் இருக்கா? பொங்கலன்னைக்கா?"

"பொங்கலன்னைக்குத்தான். பதினொன்றரை மணி."

எழுந்துபோய் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்துவந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. 2012 ஜனவரி.

"பதிமூணாந் தேதி போன்ல பேசினா. காச்சலா இருக்கு, சரியானதும் பஸ் ஏறிடறேன்னா. அதோட சரி. டாக்டரு பாத்துட்டு நாலஞ்சு நாள் ஆயிருக்கும்னாரு. அதை வெச்சு பதிமூணுன்னு நாங்களா குறிச்சுக்கிட்டோம். மார்கழியிலயே போயிட்டான்னு வருசா வருசம் மார்கழியிலதான் திதி குடுக்கறோம்." விரலால் கட்டங்களைத் தடவினார். "அப்ப தை பொறந்தப்புறமும் இருந்திருக்கா."

"இருந்தாம்மா."

"பொங்கல் வெச்சிட்டு நான் போன் போட்டுட்டே இருந்தேன்."

"அடிச்சுது. நான் கேட்டேன்."

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். பதினைந்தாம் தேதிக் கட்டத்தில் மணியை எழுதச் சொன்னார். எழுதினேன்.

"நான் போலீசுக்கெல்லாம் போக மாட்டேன். போயி என்ன ஆகப்போவுது? ஆனா ஒண்ணு கேப்பேன். என்ன சொல்லிக் கூப்புட்டா?"

அம்மா என்று கூப்பிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"‘செம்பா, வந்துட்டியா? கொஞ்சம் தண்ணி குடு’ன்னா."

"சத்தமாவா?"

"இல்ல. மெதுவா."

"எப்படின்னு சொல்லு. அவ கூப்புட்ட மாதிரியே கூப்புடு."

"வேண்டாம்மா."

"அவ கொரலை நான் கடைசியாக் கேட்டது பதிமூணாந் தேதி. அதுக்கப்புறமும் கேட்டவ நீ ஒருத்திதான். கூப்புடு கண்ணு."

கண்ணை மூடிக்கொண்டேன். நான் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் தொண்டையிலேயே இருந்தது. கொஞ்சம் மூக்கடைத்த குரல், சொல்லின் கடைசி மேலே போய் நிற்கும்.

"செம்பா... வந்துட்டியா? கொஞ்சம் தண்ணி குடு."

அது என் குரல் இல்லை. நாகரத்தினம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"இரும்மா, கொண்டாறேன்" என்றார் உள்ளேயிருந்து திம்மராயப்பா.

பானை மூடி தரையில் விழுகிற சத்தம். பிறகு காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் சில்வர் டம்ளர். பாதித் தண்ணீர் வேட்டியில் சிந்தியிருந்தது. படத்தை அவர் பார்க்கவில்லை. மனைவியைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து குனிந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடு எறங்கிருச்சு" என்றார். "குடி. மெதுவா."

நான் நாகரத்தினம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

குடித்தேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். சொட்டு விடாமல் குடித்து முடித்தேன். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து கேட்டார்.

"இன்னும் வேணுமா, பிரமி?"

"வேணும்ப்பா" என்றேன்.